ஊசி மருந்துக்கு மொத்த ஆர்டர்

ஜெர்மனியில் மருந்துக்கடைக்குப் போய் எதை வாங்கினாலும், பையில் கூடவே ஒரு சின்னக் காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தைப் போட்டுக் கொடுப்பார்கள். அதற்குக் காசு கிடையாது. நம் ஊர் காய்கறிக்கடையில் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறு போடுவதைப் போலத்தான். கொசுறு போடுகிற நாட்டில் பேரமும் செல்லுபடியாகும் என்று நான் நம்பிவிட்டேன். கருத்தரிப்பு சிகிச்சைக்கான ஊசி மருந்தை முதன்முதலாக வாங்கப் போன அன்று, பில்லைப் பார்த்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கவுண்டரில் இருந்த அம்மாளிடம் என் அரைகுறை ஜெர்மனில், "கொஞ்சம் குறைக்க முடியுமா?" என்று கேட்டேன். அவர் முகம் சட்டென்று கடுமையாகிவிட்டது. "முடியாது. மருந்தின் அளவை நீங்களாகக் குறைக்கவே கூடாது. டாக்டரைக் கேளுங்கள்" என்றார். "அளவு இல்லை, விலை" என்றேன். அவருக்குப் புரியவே இல்லை. பக்கத்திலிருந்த இன்னொருவரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து, டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கும் மருந்து நாடு முழுக்க ஒரே விலை, அது சட்டம் என்று எனக்கு நிதானமாக வகுப்பெடுத்தார்கள். கடைசியில் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, பையில் இரண்டாவது பொட்டலம் ஒன்றையும் போட்டார்கள். ஜெர்மனியில் நான் பேரம் பேசி ஜெயித்தது அது ஒன்றைத்தான்.

நான் நெய்வேலிக்காரி. கவிதா என்று பெயர். பழுப்பு நிலக்கரியின் புழுதியில் பிறந்து வளர்ந்துவிட்டு, இதெல்லாம் வேண்டாமடா சாமி என்று கப்பலேறாத குறையாக வெளிநாடு போனவள். போன இடம் கோட்புஸ். ஜெர்மனியின் கிழக்கு ஓரம், அங்கேயும் பழுப்பு நிலக்கரிதான். என் கணவர் குணாவுக்குச் சுரங்க இயந்திரம் வடிவமைக்கும் வேலை என்பதால் வேறு வழியில்லை. போன புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குணா என்னை உற்சாகமாக ஓர் இடத்துக்கு அழைத்துப் போய், டிக்கெட் எடுத்து உள்ளே கூட்டிப்போனார். பார்த்தால், ஓய்வு கொடுத்து நிறுத்தி வைத்த பழைய சுரங்க இயந்திரம். பள்ளிக்கூட பஸ்ஸில் போகும்போது தினம் ஓசியில் பார்த்ததைக் காசு கொடுத்துப் பார்த்த எரிச்சலில் அவரோடு அன்று முழுக்க நான் பேசவில்லை.

பிள்ளை உண்டாகவில்லை என்றதும் நாங்கள் போன இடத்துக்கு அந்த ஊரில் 'கிண்டர்வுன்ஷ்' மையம் என்று பெயர், அதாவது குழந்தை ஆசை மையம். பெயர் என்னவோ மிட்டாய்க்கடை மாதிரி இருந்தது. உள்ளே மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காது. 'டாட்டன்ஷுட்ஸ்' என்கிற தகவல் பாதுகாப்புக்காக அடுக்கடுக்காகக் கையெழுத்து வாங்குவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், எண்தான். காத்திருக்கும் பெண்கள் ஒருவரையொருவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. செலவில் பாதியைக் காப்பீடு தரும், அதுவும் மூன்று முயற்சிகளுக்கு மட்டும், பெண்ணுக்கு நாற்பது ஆகும் வரை மட்டும். முதல் முயற்சி பலிக்கவில்லை. இரண்டாவதும் பலிக்கவில்லை என்று தெரிந்த அன்று டிராமில் ஏறி உட்கார்ந்து, கைப்பையிலிருந்த ஓசிக் கைக்குட்டைப் பொட்டலத்தை ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்த்தேன். டிராம் நிறைய ஆட்கள். என் அந்தரங்கத்துக்கு மரியாதை கொடுத்து எல்லோரும் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏம்மா அழுவுற?" என்று யாராவது ஒரு பேச்சுக்குக் கேட்டிருந்தால் அவர் காலைக் கட்டிக்கொண்டிருப்பேன்.

அடுத்த முயற்சிக்கு மனசு தேறுவதற்குள் நாற்பது வந்துவிட்டது. காப்பீட்டு நிறுவனம் கையை விரித்தது. முழுச் செலவையும் நாங்களே போட்டால் சேமிப்பு மொத்தமும் ஒரே முயற்சியில் காலி. அதுவும் பலிக்காவிட்டால் அவ்வளவுதான். இதுதான் கடைசி என்று குணாவும் நானும் சேர்ந்தே முடிவு செய்தோம். ஊருக்குப் போய் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் பார்ப்பது, நெய்வேலியில் தங்கிக்கொள்வது, யாருக்கும் மூச்சுவிடக் கூடாது. ஆபீஸில் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்தேன். கருமுட்டை எடுக்கும் நேரத்துக்கு மட்டும் குணா வந்து போவார் என்று ஏற்பாடு.

நெய்வேலியில் இப்போது குவார்ட்டர்ஸ் தம்பி பாபுவின் பெயரில். அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை, பெர்மனென்ட். அப்பா காலமான பிறகு அம்மாவும் அவனும்தான். வந்ததன் காரணத்தை அம்மாவிடம் மட்டும் சொன்னேன். தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். "யாராச்சும் கேட்டா தைராய்டுன்னு சொல்லும்மா." அம்மாவும், "எனக்கு எதுக்கு ஊர் வம்பு" என்று தலையாட்டினாள். நானும் நம்பினேன். ஜெர்மனியில் இத்தனை வருஷம் இருந்ததில் எனக்கு அம்மாவின் குணமே மறந்துபோயிருக்கிறது.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குறிஞ்சிப்பாடிக்காரி, கல்யாணமாகி டவுன்ஷிப்புக்கு வந்த நாளிலிருந்து எந்தப் பொருளையும் தனியாளாக வாங்கியதில்லை. எங்கள் பிளாக்கில் ஒரு வீடு மதுரை, ஒரு வீடு மார்த்தாண்டம், ஒரு வீடு சேலம். ஒருத்தருக்கொருத்தர் உறவு கிடையாது. ஆனால் மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பதில் அத்தனை ஜில்லாவும் ஒற்றுமை. தீபாவளிக்குச் சிவகாசியிலிருந்து பட்டாசு, காடாம்புலியூரிலிருந்து முந்திரி, மூட்டை அரிசி, பெட்ஷீட் எல்லாமே மொத்த ஆர்டர்தான். அதை நடத்துவது அம்மா. முன்பு வீடு வீடாகப் போய்க் கேட்பாள். இப்போது லேடீஸ் வாட்ஸப் குரூப் இருக்கிறது.

புதுச்சேரியில் முதல் பரிசோதனை முடிந்து, பேனா வடிவில் வரும் வெளிநாட்டு ஊசி மருந்தின் விலையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஜெர்மனியை விட எவ்வளவோ குறைவு. ஆனாலும் அம்மா காதில் அது விழுந்ததும் கொதித்துப்போனாள். "ஒத்த ஆளா போய்க் கேட்டா அவன் அந்த வெலதான் சொல்லுவான்" என்றாள். நான் படுக்கப் போய்விட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் குரூப்பில் அம்மாவின் அறிவிப்பு கிடக்கிறது. 'அன்புத் தோழிகளுக்கு. ஊசி மருந்து ஆர்டர் எடுக்கிறோம். குழந்தை உண்டாவதற்குப் போடுவது. ஐஸ் பெட்டியில் வரும். வேண்டியவர்கள் இன்றைக்குள் சொல்லவும். ஆள் சேரச் சேர விலை குறையும்.'

கீழே பதில்கள் வந்துகொண்டிருந்தன. நான்கு பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். ஐஸ் பெட்டி என்பதை மட்டும் படித்த ஒருவர், 'வஞ்சிரம் இருக்கா?' என்று கேட்டிருந்தார். ஓய்வு பெற்ற ஃபோர்மேன் வீட்டு ராஜம்மா ஆன்ட்டி, வயது அறுபதைத் தாண்டியவர், எந்த ஆர்டரையும் தவறவிட்டதில்லை. 'எனக்கு ரெண்டு எழுதிக்கோங்க' என்று போட்டிருந்தார். அம்மா உடனே அவருக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில்தான்.

"ராஜம்மா, இது புள்ள உண்டாவறதுக்குப் போடற ஊசி."

"சரிங்க. ரெண்டு வாங்கி வச்சா பேரன் பேத்திக்கு ஆகாதா?"

"பேரனுக்கு வயசு எட்டு!"

"அப்ப ஒண்ணு போதும்."

நான் சமையலறையில் நின்று கத்தினேன். ஜெர்மனியில் என் பெயர்கூடத் தெரியாமல் பாதுகாத்தார்கள், இங்கே காலை காபிக்குள் பிளாக் முழுக்கத் தெரிந்துவிட்டது, என் மானத்தை வாங்கிவிட்டாய் என்று ஆடித் தீர்த்தேன். அம்மா அசரவில்லை. "உன் பேர நான் எங்கடி போட்டேன்? ஊசி வேணுமான்னுதான கேட்டேன்" என்றாள். நாற்பது வயதில் ஜெர்மனியிலிருந்து தனியாக வந்து இறங்கிய மகள் வீட்டில் இருக்க, ஊசி யாருக்கு என்று பிளாக்குக்குத் தெரியாதாம். நைட் ஷிப்ட் முடித்து வந்த பாபு வாசலிலேயே நின்று, "ஷிப்ட்ல எல்லாரும் என்னைய ஒரு மாதிரி பாக்கறாங்க. நாந்தான் ஏஜென்ட்டுன்னு நெனச்சுக்கினு ரெண்டு பேரு கமிஷன் எவ்ளோன்னு கேக்கறாங்க" என்றான். நான் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, திரும்பிப் போகும் டிக்கெட்டை முன்னுக்கு மாற்ற முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் பின்வாசல் பக்கம் யாரோ கூப்பிடும் சத்தம். கையில் முருங்கைக்கீரைக் கட்டோடு ஒரு பெண் நின்றாள். செல்வி. கம்மாபுரம் பக்கம் வீடு, கணவனுக்குச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை, இவள் எங்கள் பிளாக்கில் இரண்டு வீடுகளில் சமைக்கிறாள். அதில் ஒரு வீட்டில்தான் யாரோ செய்தியைச் சத்தமாகப் படித்திருக்கிறார்கள்.

"அக்கா, அந்த ஊசி… நெசமாவே வெல கொறயுமாங்க?"

உட்காரச் சொன்னேன். உட்காராமல் சொன்னாள்.

"நாங்களும் பாண்டிக்குத்தாங்க போயிக்கினு இருந்தோம். அந்த டாக்டரம்மா எல்லாம் நல்லாத்தான் சொன்னாங்க. மருந்துக்கடையில வெலயக் கேட்டேன். அப்பிடியே பஸ் ஏறி வூட்டுக்கு வந்துட்டேங்க. அவருகிட்ட கடை மூடியிருந்துச்சின்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பில்லைப் பார்த்து எனக்கு வேர்த்த அன்று, நான் வியர்வையோடு வாங்கிவிட்டேன், இவள் வாங்க முடியாமல் பஸ் ஏறியிருக்கிறாள். வித்தியாசம் அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். மார்த்தாண்டத்து டீச்சர், போனில் கிசுகிசுத்தார். சேலத்து வீட்டு மருமகள், மாமியாருக்குத் தெரியாமல் வந்தாள். அவள் கிளம்பிய பிறகு அந்த மாமியார், மருமகளுக்குத் தெரியாமல் வந்து அவள் பெயரைச் சேர்த்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வீடு இத்தனை பேர் ஒரே கவலையைத் தனித்தனியாக மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க அம்மாவின் அதிகப்பிரசங்கித்தனம் வேண்டியிருந்தது. நான் டிக்கெட்டை மாற்றவில்லை.

பாபுவின் நண்பனுடைய வேனில் எல்லோரும் ஒன்றாகப் புதுச்சேரிக்குப் போனோம். அம்மா முன்சீட்டில், கல்யாணத்துக்குப் பெண் அழைக்கப் போகிறவளைப் போல உட்கார்ந்திருந்தாள். டாக்டர் எங்கள் கூட்டத்தைப் பார்த்து முதலில் யாருக்கோ விபத்து என்று நினைத்துவிட்டார். அம்மா விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஊசி என்ன தீபாவளிப் பட்டாசாம்மா? ஒவ்வொருத்தருக்கும் மருந்து வேற, அளவு வேற. ஒருத்தருக்கு மிஞ்சினத இன்னொருத்தருக்குப் போடவும் கூடாது."

"சரிங்க டாக்டரம்மா. இதே வேலையச் செய்யற வேற மருந்து, வெல கம்மியா இல்லீங்களா?"

இந்த ஒரு கேள்வியை இரண்டு நாட்டில், இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. கேட்டால் நம்மை என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். டாக்டர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "இருக்கே. நம்ம நாட்டுலயே தயாரிக்கறது. பவுடரா வரும், கலந்து போட்டுக்கணும், பேனா மாதிரி சொகுசு இருக்காது. இவங்கள்ல மூணு பேருக்கு அதுவே போதும்" என்றார். அந்த மூன்றில் நானும் உண்டு. எல்லோருக்கும் சேர்த்து மருந்தை நேராக விநியோகஸ்தரிடமிருந்தே எடுக்கலாம், அதில் கொஞ்சம் குறையும் என்றார். தினமும் நர்ஸிடம் வந்து போட்டுக்கொள்ளாமல் வீட்டிலேயே போடப் பழகினால் அந்தச் செலவும் மிச்சம் என்றார். அம்மாவுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"முட்டை நெறைய வந்தாலும் எடுக்கறதுக்கு ஒரே ரேட்டுதானுங்களே?"

"ஒரே ரேட்டுதாம்மா."

"மயக்க மருந்து இல்லாம எடுத்தா எவ்ளோ கொறயும்?"

"யாருக்கு, உங்களுக்கா?" என்று டாக்டர் கேட்டதும்தான் அடங்கினாள்.

ஜெர்மனியில் நானே ஊசி போட்டுப் பழகியவள் என்பதால் ஆசிரியர் பதவி எனக்கு வந்தது. எங்கள் சமையலறையில் வகுப்பு. வெறும் தண்ணீரை ஊசியில் எடுத்துச் சாத்துக்குடியில் குத்திப் பழகினார்கள். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நல்ல மாணவியாக நின்றார். செல்விதான் முதல் தடவையே சரியாகக் குத்தினாள். "கறி வெட்டற கைங்க இது" என்றாள். குத்திய சாத்துக்குடிகளைத் தூக்கிப்போட மனம் வராத அம்மா, பாபுவுக்கு ஜூஸ் பிழிந்து கொடுத்துவிட்டாள். அவனுக்கு விஷயம் தெரிந்தபோது டம்ளர் காலி. இரண்டு நாள் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மருந்தெல்லாம் எங்கள் ஃப்ரிட்ஜில்தான். டாக்டர் சொன்னபடி கீழ்த்தட்டில் பெயர் ஒட்டிய டப்பாக்கள். குளிர் போய்விடுமென்று அம்மா ஃப்ரிட்ஜைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். தோசைமாவு வெளியே பொங்கி வழிந்தது. ஐஸ் தண்ணீர் கேட்ட பாபுவிடம், "நாலு வூட்டுப் புள்ளைங்க உள்ள இருக்குதுடா" என்றாள். சாயங்காலமானால் எல்லோரும் வந்து, அறைக்குள் வரிசையாக உட்கார்ந்து, வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு, காபி குடித்துவிட்டுப் போவார்கள். யாருக்கு எங்கே வீங்குகிறது, யாருக்கு எதைக் கண்டால் அழுகை வருகிறது என்று ஒரே பேச்சு. கோட்புஸில் தனியாக பாத்ரூமில் நின்று போட்டுக்கொண்ட அதே ஊசிதான். இங்கே அது வலிக்கவே இல்லை என்று சொன்னால் பொய், வலித்தது. ஆனால் வலிக்கிறது என்று சொல்ல ஆள் இருந்தது.

குணா ஒரு வாரத்துக்கு வந்து இறங்கினார். வந்த அன்றே பிளாக்கின் ஆண்கள் எல்லோரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ராஜம்மா ஆன்ட்டி வீட்டு அங்கிள், மடியில் லேப்டாப் வைக்கக் கூடாது என்று தெருவிலேயே நிறுத்தி உரக்க அறிவுரை சொன்னார். குணாவுக்குக் காது சிவந்துவிட்டது. "இங்க டாட்டன்ஷுட்ஸ்னு ஒண்ணு கிடையவே கிடையாதா?" என்று என்னிடம் கேட்டார். எங்கள் ஃப்ரிட்ஜுக்கு மட்டும்தான் பூட்டு உண்டு என்றேன்.

பலன்களைச் சொல்லிவிடுகிறேன். டீச்சருக்குப் பலிக்கவில்லை. சேலத்து மருமகளுக்கு இப்போதுதான் கரு வைத்திருக்கிறார்கள், முடிவு இன்னும் தெரியவில்லை. செல்விக்குக் கரு தங்கிவிட்டது. அவள் சமைக்கப் போன வீட்டிலேயே வாந்தி எடுத்துவிட்டு, நேராக எங்கள் பின்வாசலுக்கு ஓடி வந்து சொன்னாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். சந்தோஷம்தான். உள்ளுக்குள் கொஞ்சம் வயிறும் எரிந்தது. டீச்சரும் நானும் அன்று சாயங்காலம் சேர்ந்து உட்கார்ந்து அழுதோம். அம்மா எங்களுக்கு வெங்காய பஜ்ஜி போட்டுக் கொடுத்தாள்.

எனக்கு இரண்டு கருக்கள் தேறின. ஆனால் ரத்தத்தில் ஹார்மோன் ஏறியிருக்கிறது, இப்போது கருப்பையில் வைத்தால் ஒட்டாது, சில மாதம் உடம்பு ஆறட்டும், அதுவரை உறைய வைக்கலாம் என்றார் டாக்டர். எனக்கோ விடுப்பு முடிந்துவிட்டது. இரண்டையும் புதுச்சேரியில் விட்டுவிட்டுப் போவதைத் தவிர வேறு வழியில்லை. அவற்றை வைத்திருக்க ஆண்டு வாடகை உண்டு என்று கேட்டதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கண்ணுக்கே தெரியாதுன்னீங்க. எடமே அடைக்காததுக்கு எதுக்குங்க வாடகை?" என்று ஆரம்பித்தாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது. அம்மா ஒரு பேரத்தைப் பாதியில் விட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

உறைய வைப்பது திரவ நைட்ரஜன் தொட்டியில், அதற்குக் கரண்ட்டே தேவையில்லை என்று டாக்டர் எனக்குப் படம் போட்டு விளக்கியிருந்தார். கூட வந்திருந்த பாபு அப்போது வெளியே வேனைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவன் அது ஒரு பெரிய ஃப்ரிட்ஜ் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான்.

இப்போது கோட்புஸில் குளிர். ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் இந்த ஊர் அனல்மின் நிலையத்தின் புகைக் கோபுரங்கள் தெரிகின்றன. என் வீட்டு விளக்கும் ஹீட்டரும் அதில்தான் எரிகின்றன. மேஜையில் ஏப்ரல் மாதத்துக்கு எடுத்த விமான டிக்கெட் இருக்கிறது. 'ஊருக்குப் போகிறாயா?' என்று கேட்ட ஆபீஸ் தோழியிடம், 'ஆமாம், பிள்ளைகளைப் பார்க்க' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். 'உனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா? எங்கே இருக்கிறார்கள்?' என்று அவள் ஆச்சரியப்பட்டாள். புதுச்சேரியில், என்றேன். யாரிடம், என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல என் ஜெர்மன் போதவில்லை. தமிழும் போதாது.

பாபு ஒவ்வொரு நாளும் வேலைக்குக் கிளம்பும் முன் போன் செய்கிறான். பின்னால் அவன் பைக் உறுமுகிற சத்தம் கேட்கும். "அக்கா, ஷிப்ட்டுக்குப் போறேன். பாண்டிக்கு கரண்ட் போவாம நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியா தூங்கு" என்பான். இதுவரை நான் அவனைத் திருத்தவில்லை. "பாத்துக்கடா" என்பேன். போனை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறேன்.